பி.டி.எஃப். டிக்கெட்டை நம்பி மும்பை வரை போய் வாசலோடு திரும்பினோம்: வேறொருவரிடம் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2025 மே 17, சனிக்கிழமை. மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோஸஸ் கச்சேரி. என் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ரயிலேறிப் போனேன். உள்ளே போக முடியவில்லை. நான் வாங்கியது போலி டிக்கெட். இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மாமா பெரம்பூர்க்காரர், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தக் குழுவின் 1987 ஆல்பத்தை ரெக்கார்டிங் கடையில் 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி, நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கேட்டவர். 2012 டிசம்பரில் அவர்கள் பெங்களூருக்கே வந்தார்கள், மாமா போகவில்லை. கிடாரிஸ்ட் ஸ்லாஷ் 1996-லேயே விலகிவிட்டார், "ஸ்லாஷ் இல்லாம என்னத்தடா பாக்குறது" என்று இருந்துவிட்டார். 2016-இல் ஸ்லாஷ் திரும்பி வந்த பிறகு இங்கே அவர்கள் வந்தது இந்த முறைதான். அதனால் எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

நான் டிக்கெட் போட உட்காருவதற்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகும் பகுதி தீர்ந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் தேடியபோது ஒருவர் சிக்கினார். அவசரமாக வெளிநாடு போகிறாராம், 2 டிக்கெட் கைவசம் இருக்கிறதாம், வாங்கின விலைக்கே தருகிறாராம். விலையை ஏற்றிக் கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும், ஏற்றாததுதான் என்னை ஏமாற்றியது. ஆதார் அட்டைப் படம் அனுப்பினார், டிக்கெட் அவர் போனில் திறப்பதை வீடியோ எடுத்தும் அனுப்பினார். டிக்கெட் வாங்கிய ஆப்பிலேயே என் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னேன், "அது வேலை செய்யலை, பி.டி.எஃப். போதும், கியூஆர் கோடைத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க" என்றார். சரி என்று 14,000 ரூபாயை யு.பி.ஐ.யில் போட்டேன். பணம் போகும் முன் திரையில் வந்த பெயர் ஆதாரில் இருந்த பெயர் இல்லை. கேட்டேன், மைத்துனர் கணக்கு என்றார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மகாலட்சுமி ஸ்டேஷன் பாலத்திலிருந்து தோபி காட் சலவைத் துறையைப் பார்த்தபடி இறங்கி நடந்தோம். மாமா அயர்ன் பண்ணிய கறுப்புச் சட்டை போட்டிருந்தார். வாசலில் இருந்த பெண் என் போனை ஸ்கேன் செய்தார், கருவியில் சிவப்பு. மறுபடி செய்தார், மறுபடி சிவப்பு. திரையைத் திருப்பிக் காட்டினார்: இந்த டிக்கெட் மாலை 4.52-க்கே உள்ளே போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரிடமும் அதே பி.டி.எஃப்., அதே எண். ஒரு கியூஆர் கோடு ஒரு முறைதான் வேலை செய்யும், அதை எத்தனை பேருக்கு விற்றாலும் முதலில் வருகிறவர் உள்ளே போவார், மற்றவர் கையில் இருப்பது வெறும் படம். அந்த ஆளைக் கூப்பிட்டேன், போன் சுவிட்ச் ஆஃப். இன்ஸ்டா கணக்கையும் காணோம்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுடா, இங்கேர்ந்தே கேக்குது பாரு" என்று கேஷவ்ராவ் காட்யே மார்க் நடைபாதையில் மதில் ஓரமாக நின்றுகொண்டார். பேஸும் டிரம்ஸும் தெளிவாகக் கேட்டன, கிடார் காற்றடித்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. ஒரு பாட்டுக்கு அவர் இடது கை விரல்கள் தானாகச் சட்டை பட்டன்கள் மேல் ஓடின. எனக்குப் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். நான் மறுநாள் காலையில்தான் போட்டேன், அதுவும் தப்பு. சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. யு.பி.ஐ. ரசீதில் இருக்கும் 12 இலக்க யு.டி.ஆர். எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தேதி, தொகை, பேசிய சாட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாகக் கையில் இருக்கட்டும், அந்த ஆள் கணக்கை அழித்துவிட்டால் சாட் கிடைக்காமல் போகலாம். அப்புறம் சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகாரைப் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.

டிக்கெட் விற்பவர் ஆப் வழியாக உங்கள் பெயருக்கு மாற்றித் தராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. ஆதார் படம் எதற்கும் உத்தரவாதம் இல்லை, அது வேறு யாரோ ஏமாந்தவருடையதாகவும் இருக்கலாம்.

அன்று வாசலில் 4.52 என்று காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட வேறு யாராவது இதைப் படித்தால் கமென்டில் சொல்லுங்கள். பணம் போன கணக்கு ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றென்றால் நீங்களும் 1930-இல் புகார் கொடுங்கள், என் புகார் எண்ணைத் தருகிறேன், சேர்த்தே சொல்லலாம்.