டி7200 இருக்க டி7500 எதற்கு?

திருகோணமலை உப்புவெளியில் விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களைப் படம் எடுக்கப் போனால் சூரியன்தான் முதல் தொல்லை. கடலிலிருந்து எழும்பி நேரே லென்ஸுக்குள் பாயும். வடம் பிடித்து நிற்பவர்கள் வெறும் நிழலுருவாகிவிடுவார்கள். வானத்தின் நிறம் கெடாதபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, இருண்ட பகுதியை மட்டும் பிறகு கணினியில் தெளியவைப்பது என் வழக்கம். 2015 இல் வந்த என் நிக்கோன் டி7200 கமரா இந்த வேலையை இன்றும் குறையில்லாமல் செய்கிறது. தெரிந்த தம்பி ஒருவன் அதற்கு அடுத்த மாதிரியான தன் டி7500 ஐ இரண்டு வாரம் தந்தபோது நான் முதலில் சோதித்ததும் இதைத்தான். ஒரே இடத்தில் நின்று, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 இல் வைத்து, இரண்டாலும் எடுத்தேன். இருளுக்குள்ளிருந்து மீட்ட, மீனவர் உடுத்த சாரத்தின் (லுங்கியின்) கட்டங்களில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 24.2 மெகாபிக்சல் 20.9 ஆகக் குறைந்ததும் அச்சில் தெரியாது.

வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரையைத் தொட்டதும் கதை மாறுகிறது. சூடை மீன் துள்ளத் தொடங்கும்போது செம்பருந்துகள் தாழ இறங்கும். டி7200 நொடிக்கு 6 படம் எடுக்கும். ஆனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா கோப்பில் 18 படத்தோடு மூச்சுவாங்கும். மூன்று நொடி. பருந்து மீனைக் கவ்வித் திரும்பும் நேரத்தில் கமரா திணறிக்கொண்டிருக்கும். 2017 இல் வந்த டி7500 நொடிக்கு 8 படம் வீதம் 50 வரை ஓடுகிறது. ஃபோகஸ் புள்ளிகள் இரண்டிலும் 51 தான். ஆனால் ஒளியளக்கும் சென்சார் நிக்கோனின் இன்னும் உயர்ந்த மாதிரியான டி500 இலிருந்து வந்தது என்பதால், பறவையை விடாமல் பின்தொடர்கிறது. டி7500 இன் திரை மடங்கிச் சாய்வதால் ஈர மணலில் வயிறு படப் படுக்காமல், கமராவை மட்டும் தாழ்த்தி வலையை எடுக்க முடிந்தது. ஐம்பதை நெருங்கும் முழங்காலுக்கு அது பெரிய உதவி.

4கே வீடியோ உண்டு, ஆனால் காட்சியின் ஓரங்களை நிறைய வெட்டிவிடுகிறது. மண்டபத்துக்குள் அகலமாக எடுக்க நினைப்பவருக்கு அது ஏமாற்றம்.

இனி, என்னால் மன்னிக்க முடியாத விடயம். டி7200 இல் மெமரி கார்டுக்கு இரண்டு இடம். டி7500 இல் ஒன்றுதான். சென்ற ஆண்டு நிலாவெளியில் ஒரு கலியாணம். வீட்டுக்கு வந்து முதல் கார்டைக் கணினியில் செருகினேன், திறக்கவே இல்லை. தாலி கட்டியது, பெண்ணின் அம்மம்மா அழுதபடி ஆசீர்வதித்தது எல்லாம் அதற்குள். உள்ளங்கை வியர்த்துவிட்டது. இரண்டாவது கார்டில் எல்லாப் படமும் பிரதியாக இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்? புதிய மாதிரியில் ஒரு பாதுகாப்பைப் பிடுங்கிவிட்டு, அதை முன்னேற்றம் என்று விற்பது சரியல்ல.

கையால் ஃபோகஸ் செய்யும் நிக்கோனின் பழைய ஏஐ வகை லென்ஸ் (செயற்கை அறிவு அல்ல, லென்ஸ் வகையின் பெயர்) வைத்திருப்பவர்களுக்கும் இழப்புத்தான்: டி7200 அதோடு ஒளியை அளக்கும், டி7500 அளக்காது. நிக்கோன் தரும் கணக்கில் பற்றரியை ஒருமுறை ஏற்றினால் எடுக்கக்கூடிய படமும் 1110 இலிருந்து 950 ஆகக் குறைகிறது.

பெரும்பாலும் பறவைகளையே எடுப்பவர் என்றால் தயங்காமல் மாறுங்கள். நான் மாறவில்லை. புதிய கமராவுக்கு ஆகும் பணத்தை, ஒருவர் ஏற்கெனவே பாவித்த 200–500 மி.மீ. தொலைவு லென்ஸ் ஒன்றுக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்கும் ஒதுக்கியிருக்கிறேன். இந்த உப்புக் காற்றில் ஒரு மாரி போதும், கண்ணாடிக்குள் பூஞ்சணம் வேர்விட்டுவிடும். தம்பியிடம் கமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கலியாண வேலைக்கு இதை மட்டும் நம்பிப் போகாதே” என்று சொல்லித்தான் கொடுத்தேன். “சரி அண்ணா, அன்றைக்கு உங்கள் டி7200 ஐத் தாருங்கள்” என்றான். தருவேன்.