‘கோகோ’: படமில்லாத வீட்டிலிருந்து ஒரு பார்வை

ஆடி அமாவாசையன்று அண்ணா கீரிமலைக்குப் போய் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் முடித்து வந்தபின், காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு படையல் வைத்து, காகத்துக்குச் சோறிட்டு, விரதச் சாப்பாடும் முடிந்த மாலையில்தான் பிள்ளைகளையும் அம்மாவையும் இருத்தி ‘கோகோ’வைப் பார்த்தோம். பிக்ஸார் நிறுவனம் 2017இல் வெளியிட்ட, ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் இந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் எங்கள் வீட்டில் வாய்த்திராது.

இறந்தவர்கள் நவம்பர் முதலிரு நாட்களில் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பி மெக்சிக்கோ மக்கள் எடுக்கும் விழாவே கதையின் களம். கத்தோலிக்கரின் சகல ஆன்மாக்கள் தினத்தோடு அது கலந்துவிட்டது என்றாலும், அதன் வேர் ஸ்பானியர் வருகைக்கு முந்தியது. 2008இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதும் அதைப் பூர்வகுடிகளின் விழா என்றே குறித்தது. இறந்தவர் விரும்பி உண்டதைப் படைப்பதையும், செம்மஞ்சள் நிறச் செவ்வந்தி இதழ்களைத் தூவி அவர்களுக்கு வழி போடுவதையும் இந்தப் படம் அலங்காரமாகக் காட்டாமல், செய்தே ஆகவேண்டிய கடமையாகக் காட்டுகிறது. இதழ் தூவும் இடத்தில் நான் ஆங்கில வசனத்தை விளக்கத் தொடங்குமுன்பே, “வாறவைக்கு வழி தெரியவேணுமல்லோ” என்றார் அம்மா.

சிறுவன் மிகேலோடு அலையும் உரோமமற்ற நாயும் வெறும் வேடிக்கைப் பாத்திரமன்று. உயிரைப் பாதாள ஆற்றைக் கடக்கவைப்பது நாய்தான் என்பது மெக்சிக்கோப் பூர்வகுடிகளான நாவா மக்களின் பழைய நம்பிக்கை. ஆனால் வண்ணவண்ணமாகப் பறக்கும் ‘அலெப்ரிகே’ மிருகங்களை ஆவிகளின் வழித்துணையாக்கியது பிக்ஸாரின் கற்பனை. அவை 1930களில் பேத்ரோ லினாரெஸ் என்ற கைவினைஞர் காகிதக்கூழில் செய்யத் தொடங்கிய உருவங்கள். பிள்ளைகள் இரண்டையும் ஒரே பழைமையாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதைவிடப் பெரிய உறுத்தல், படத்துக்காக 2013இல் டிஸ்னி நிறுவனம் அந்த விழாவின் பெயரையே வணிகக் குறியாகப் பதியக் கேட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அது பின்வாங்கி, கண்டித்தவர்களில் சிலரையே ஆலோசகர்களாக்கியது. ஒரு மக்களின் திவச நாளுக்கு வேறொருவர் உரிமை கோர நினைத்ததை என்னால் இலகுவாக மறக்க முடியவில்லை.

இருந்தும், நினைவு மங்கிய கோகோப் பாட்டியின் முன்னால் மிகேல் கிற்றாரோடு இருந்து பாட, சுருங்கிய அந்த முகம் மெல்ல மெல்ல விழித்து, அவரும் சேர்ந்து பாடும் காட்சிக்காகவே இன்னொரு முறையும் பார்ப்பேன். அம்மா அப்போது சேலைத் தலைப்பைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

ஏழு வயதான என் இளையவள் எலும்புக்கூடுகளுக்குப் பயப்படவில்லை. படையலில் புகைப்படம் இல்லாதவர், இறந்தவர் உலகிலிருந்து வீட்டுக்கு வரும் பாலத்தைக் கடக்க முடியாது என்று படத்தில் வரும் விதிதான் அவளை வருத்தியது. கதையை நகர்த்த அந்த விதி உதவுகிறது. ஆனால் புகைப்படமே இல்லாத காலத்திலிருந்து வரும் ஒரு நம்பிக்கைக்கு அது பொருந்தாது. அப்பாவின் படங்கள் இருந்த அல்பம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. எங்கள் சுவரில் அவருக்கு ஒரு படமும் இல்லை. “அப்ப அம்மப்பா எப்படி வருவார்?” என்று கேட்டாள்.

“காலமை மாமா பேரைச் சொல்லித்தானே எள்ளும் தண்ணியும் இறைச்சவர். அவர் வந்து சாப்பிட்டிட்டுப் போட்டார்” என்றார் அம்மா.