ஃபவுண்டரே நடத்தணுமா, வெளிய இருந்து சிஇஓ வரணுமா? கூகுள் vs ஏர்பிஎன்பி

கம்பெனி பெருசாகும்போது ஃபவுண்டர் எவ்வளவு தூரம் உள்ள இறங்கி வேலை பாக்கணும்ங்கறதுக்கு இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே போதும்.

கூகுள ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்கே பிரினும் 2001ல எரிக் ஷ்மிட்ட சிஇஓவா கூட்டிட்டு வந்தாங்க. அவரு ஏற்கெனவே நாவெல்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனிய நடத்துன ஆளு, பிசினஸ் பக்கத்த அவரு பாத்துக்கிட்டாரு, இவங்க ப்ராடக்ட்டையும் டெக்னாலஜியையும் கையிலயே வச்சுக்கிட்டாங்க. 2004ல ஐபிஓ (கம்பெனி பங்க முதல் தடவையா பொதுமக்களுக்கு வித்தது), 2011ல பேஜ் மறுபடியும் சிஇஓ.

தங்குறதுக்கு வீடு, ரூம் புக் பண்ற ஏர்பிஎன்பில, அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான சிஇஓ பிரையன் செஸ்கி கதை நேர் எதிர். கம்பெனி வளர வளர தனித்தனி டிவிஷனா பிரிஞ்சு ஆளாளுக்கு ஒரு திசைல போய்ட்டு இருந்துச்சு, 2020ல கொரோனா வந்து புக்கிங் மொத்தமா படுத்துருச்சு, மே மாசம் சுமார் 1,900 பேர, கிட்டத்தட்ட கால்வாசி ஆளுங்கள, வேலைய விட்டு அனுப்பவேண்டியதாச்சு. அதுக்கப்புறம் மனுஷன் டிவிஷன எல்லாம் கலைச்சுட்டு டிசைன், இன்ஜினியரிங், மார்க்கெட்டிங்னு வேலை வாரியா பிரிச்சாரு, மொத்த கம்பெனிக்கும் ஒரே ரோட்மேப் (எத எப்ப செய்யணும்ங்கற திட்டம்), வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், நடுவுல டீம்கள் செஞ்சத கொண்டுவந்து காட்டணும், அவரே உக்காந்து ரிவ்யூ பண்ணுவாரு. அதே வருஷம் டிசம்பர்ல ஐபிஓவும் வந்துருச்சு.

எனக்கு செஸ்கி வழிதான் புடிச்சிருக்கு, ஆனா அவரு டிசைன் படிச்சவருங்க, ரிவ்யூல உக்காந்தா எது சொதப்பல்னு அவருக்கே தெரியும். அந்தக் கண்ணு இல்லாத ஃபவுண்டர் இதையே செஞ்சா எல்லா முடிவும் அவர் டேபிள்லயே தேங்கி நிக்கும், டீமும் நொந்துடும், அவங்களுக்கு கூகுள் வழிதான் செட் ஆகும்.