மெம்பர் ஏத்தி தரேன்னு வருவாங்க, வட சென்னையில சைட் நடத்துறவங்க உஷார்

கிளப்புக்கோ, ஏரியா பசங்களுக்கோ, ஏதோ ஒரு ஆட்டத்துக்கோன்னு சொந்தமா சின்னதா ஒரு சைட் வச்சு நடத்துறீங்களா, தயவுசெஞ்சு இத முழுசா படிச்சிருங்க. "உங்க சைட்டுக்கு கூட்டம் கொண்டு வரேன், மெம்பர் ஏத்தி தரேன், கூகுள்ல முதல் இடம் கேரண்டி"ன்னு ஒருத்தர் நம்ம பக்கம் சுத்திட்டு இருக்காரு. கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கறதால பேர் போடல. என்ன பண்ணாருன்னு மட்டும் சொல்றேன்.

நாங்க கேரம் ஆளுங்க. தண்டையார்பேட்ட, ராயபுரம், வண்ணாரப்பேட்ட, வியாசர்பாடின்னு தெருவுக்கு தெரு போர்டு போட்டு ஆடுற ஊரு இது. வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன் ஆனாங்க, 2024ல வண்ணாரப்பேட்ட பக்கத்து பொண்ணு காசிமா அமெரிக்கா போயி மூணு தங்கம் ஜெயிச்சிட்டு வந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல அடுத்த டோர்னமெண்ட் எங்க, எந்த மாஸ்டர் கோச்சிங் தராரு, பழைய போர்டு யார்கிட்ட விலைக்கு இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு இடம் கிடையாது. அதுக்குத்தான் சைட் ஆரம்பிச்சோம். மெம்பர் நூத்தி சொச்சம் பேர் தான், ஆனா அத்தன பேரும் ஆடுறவங்க. ஒரு கேம்ல எட்டு போர்டு, அதாவது எட்டு ரவுண்டு, முடிஞ்சும் ரெண்டு பேரும் சமமா நின்னா என்ன பண்றதுன்னு ஒரு பையன் நடுராத்திரி கேட்டா கூட, இன்னொரு போர்டு ஆடணும்டா தம்பின்னு யாராச்சும் சீனியர் பதில் போட்டுடுவாரு.

இன்னும் நிறைய பசங்க வரணும்னு தான் இவர்கிட்ட போனோம், தெரிஞ்சவங்க சொல்லித்தான் போனோம். மூணு மாசத்துல அஞ்சாயிரம் மெம்பர்னாரு, நாப்பதாயிரம் ரூபா பேசி பாதி அட்வான்ஸ் வாங்கினாரு. அட்மின் பாஸ்வேர்ட் வாங்கினாரு, அப்புறம் மெயின்டெய்ன் பண்ண வசதியா இருக்கும்னு டொமைன, அதாவது சைட்டோட அட்ரஸ, அவர் அக்கவுண்டுக்கு மாத்திக்கினாரு. அதுக்கப்புறம் தினமும் வாட்ஸ்அப்ல சைட்டுக்கு வந்தவங்க கணக்குன்னு ஒரு கிராஃப் வரும், கோடு மேல ஏறிக்கினே இருக்கும், மெம்பர் கணக்கும் அப்படித்தான்.

உள்ள போயி மெம்பர் லிஸ்ட திறந்து பாத்தா ஒரே நிமிஷத்துல முப்பது நாப்பது பேர் சேந்திருக்காங்க. எழுத்தும் நம்பரும் கலந்து வாயில நுழையாத மெயில் ஐடி, போட்டோவுல யாரோ வெளிநாட்டுக்காரங்க மூஞ்சி, தன்ன பத்தி சொல்ற எடத்துல ரம்மி சைட்டு லிங்க், லோன் சைட்டு லிங்க். ராயபுரத்து பையன் ஒருத்தன், மழைக்காலத்துல போர்டு பிசுபிசுன்னு ஆயி ஸ்ட்ரைக்கர் ஓட மாட்டேங்குது, எவ்ளோ பவுடர் போடலாம்னு கேட்டிருந்தான். அதுக்கு கீழ வரிசையா பத்து பதினஞ்சு பதில், எல்லாமே இங்கிலீஷ்ல, தமிழ்ல சொன்னா "மிகவும் பயனுள்ள தகவல், பகிர்ந்தமைக்கு நன்றி"ன்னு ஒரே வாக்கியம். கேள்வி கேட்டவனுக்கு தகவல் தந்ததுக்கு நன்றி! கடைசியா அந்த பையனே "இங்க நெசமா யாராச்சும் இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு போயிட்டான். அத படிச்சப்ப வந்த கோவம் இன்னும் அடங்கல எனக்கு.

இது எப்படி நடக்குதுன்னு அப்புறம் விவரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் உக்காந்து காட்டினாரு. கூட்டம்னு அவங்க விக்கிறது மனுஷங்கள இல்ல, புரோகிராம். எங்கயோ ஒரு சர்வர்ல இருந்து பேஜ திறந்து திறந்து மூடும், சைட்டுக்கு எத்தன பேர் வந்தாங்கன்னு எண்ணுற கூகுள் அனலிடிக்ஸ் அதையும் வந்தவங்க கணக்குல சேத்துடும், ஏற்கனவே தெரிஞ்ச புரோகிராம தானா ஒதுக்கும் ஆனா எல்லாத்தையும் புடிக்காது. எந்த ஊர்ல இருந்துன்னு பாத்தா பாதிக்கு மேல அமெரிக்காவுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊரு, வர்ஜீனியா மாநிலம், டேட்டா சென்டருங்க குவிஞ்சு கிடக்குற எடம். அங்க இருந்து எவன் வந்து தண்டையார்பேட்ட டோர்னமெண்ட பாக்கப் போறான்? தங்கின நேரம் ஒரு செகண்ட் கூட இல்ல. பொய் மெம்பர் ஏற தடையா இருக்கும்னு கேப்ச்சாவையும், அதான் நீ ரோபோ இல்லன்னு காட்ட சொல்ற டெஸ்ட்டையும், அவரே எடுத்து விட்டிருக்காரு. சர்ச் கன்சோல்னு கூகுள் ஃப்ரீயா தர இன்னொன்னு இருக்கு, நெசமா கூகுள்ல தேடி எத்தன பேர் உள்ள வந்தாங்கன்னு அதுல தெரியும், அந்த கோடு ஒரு இஞ்சு கூட ஏறல.

அதோட நிக்கல. எங்க சைட் லிங்க கண்ட கண்ட குப்ப சைட்டுல எல்லாம் காசு குடுத்து போட்டு வச்சிருக்காரு. லிங்க் வாங்கி ரேங்க் ஏத்துறது கூகுள் ரூல் படி தப்பு, 2012ல கூகுள் தேடல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்ததுல இருந்தே இந்த மாதிரி சைட்டுங்கள கீழ தள்ளிட்டு இருக்காங்க. முதல் இடம் யாராலயும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு, கேரண்டின்னு ஒருத்தர் வாயத் திறந்தா அங்கயே எழுந்து வந்துடலாம். ஹோஸ்டிங் செலவுக்காக, அதாவது சைட் ஓடுற சர்வர் வாடகைக்காக, வச்சிருந்த ஆட்சென்ஸ்னு கூகுள் விளம்பர அக்கவுண்டும் போச்சு, பொய் டிராஃபிக்னு சொல்லி மூடிட்டாங்க, உள்ள இருந்த காசும் வரல.

பணம் போனது கூட பரவால்லன்னு விட்டுடலாம், நம்பர் போனத விட முடியல. மெம்பர்ங்க நம்பி குடுத்த மொபைல் நம்பருக்கு எல்லாம் லோன் மெசேஜ், ரம்மி மெசேஜ், ராத்திரியில கால். நம்ம சைட்டுக்குன்னு மட்டும் ஒரு அக்கா தனி நம்பர் வச்சிருந்தாங்க, அதுக்கும் வந்துச்சு, அப்பதான் எங்க இருந்து போச்சுன்னு ஊர்ஜிதம் ஆச்சு. ஆட வர பொண்ணுங்கள்ல பாதி பேர் வெளிய போயிட்டாங்க, வீட்ல திட்டுறாங்க சார்னு ஒரு பொண்ணு மெசேஜ் போட்டுச்சு. ஸ்கூல் படிக்கிற பசங்க நம்பரும் அதுல இருக்கு. காசுக்காக இத விக்க எப்படி மனசு வருது?

கேட்டதுக்கு முதல்ல "ஆர்கானிக்கா வளர டைம் எடுக்கும் ப்ரோ"ன்னாரு, அப்புறம் போன எடுக்கல, அப்புறம் மீதி காச குடுத்தா தான் டொமைன தருவேன்னாரு. நாங்க முதல் முதல்ல டொமைன் வாங்கின பில், அவர் அனுப்பின மெசேஜ், யுபிஐ ரசீது எல்லாத்தையும் வச்சு 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிஞ்சாச்சு, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் சொல்லியாச்சு. இந்த மாதிரி ஆயிருந்தா எதையும் டெலிட் பண்ணாதீங்க, சாட்ட அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க.

யாரயாச்சும் வேலைக்கு வச்சா டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்க பேர்ல, உங்க மெயில்ல தான் இருக்கணும், அவருக்கு தனி லாகின் போட்டு குடுங்க, மெம்பர் நம்பர் தெரியாத மாதிரி. ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க, சர்ச் கன்சோல நீங்களே திறந்து பாருங்க. மெம்பர் எத்தனன்னு கணக்கு பேசுறவர்கிட்ட, வந்தவங்க எத்தன பேர் மறுவாரமும் வந்தாங்கன்னு கேளுங்க, பதில் வராது.

எங்களுக்கு நெசமா ஆள் வந்தது எதுலன்னா ரிசல்ட்ல. ஞாயித்துக்கிழம டோர்னமெண்ட் முடிஞ்சா அன்னைக்கு ராத்திரியே ஒவ்வொரு ரவுண்டு ஸ்கோரும் பேரோட போடுவோம், முதல் ரவுண்டுல தோத்த பையன் பேரும் இருக்கும். அவன் அத வீட்ல காட்டுவான், மாமா குரூப்ல போடுவாரு, அடுத்த வாரம் அவன் தெருவுல இருந்து நாலு பேர் வருவாங்க. யார் யாரோட ஆடணும்னு டிரா சார்ட் ஒட்டுற செவுத்துல ஒரு க்யூஆர் கோடும் ஒட்டுவோம், செலவு ஜெராக்ஸ் காசு தான். இப்ப வேற டொமைன் வாங்கி, பழைய மெம்பர்ங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி நடந்தத சொல்லி திரும்ப கூப்டுட்டு இருக்கோம்.

புளியந்தோப்பு பக்கம் ஒரு ஃபுட்பால் டீம்கிட்டயும் அதே ஆளு இப்ப பேசிட்டு இருக்காருன்னு கேள்விப்பட்டேன். அந்த டீம்ல யாராச்சும் இத பாத்தா, இன்னும் டொமைன மாத்திக் குடுக்கலன்னா குடுக்காதீங்க, எனக்கு மெசேஜ் போடுங்க, எங்ககிட்ட இருக்குற ஆதாரம் எல்லாம் காட்டுறேன்.