கல்லடியில் குட்டிக்கு ஊசி: படுவான்கரையில் இருந்து போகலாமா?

நாய்க்குட்டிக்கு நோய்த் தடுப்பு ஊசி போடக் கல்லடி வரைக்கும் போக வேணுமா என்று எங்கள் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது ஒரு வேலையே இல்லை. ஆரையம்பதியில் ஏறி, காத்தான்குடியைத் தாண்டினால் கல்லடி. அங்கே பிரதான வீதியை ஒட்டியிருக்கும் தனியார் மிருக வைத்திய நிலையம் ஒன்றில்தான் எங்கள் நாய் பிரவுணிக்குக் குட்டிக்கால ஊசிகள் எல்லாம் போட்டோம். கேட்பவர்களுக்கு என் பதில்: போங்கள். வட்டைக்கு, அதாவது வயலுக்கு, நாயைக் கூட்டிப்போகிறவர்கள் கட்டாயம் போங்கள்.

முதலில் எனக்குப் பிடித்தது, அங்கே ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில்லை. டொக்டர் இளம் பெண். குட்டியை மேசையில் ஏற்றி முரசைப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் வந்த குட்டிக்குக் காய்ச்சல். "ஐயா, சுகமில்லாத நேரம் ஊசி போட்டா அது சரியா வேலை செய்யாது. மருந்து தாறன், சுகமானதும் கொண்டு வாங்க" என்று ஊசி போடாமலே அனுப்பிவிட்டார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் இடத்தை நம்பலாம்.

இரண்டாவது, பிரிட்ஜ். இந்த ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிருக்குள்ளேயே இருக்க வேணும். சூடு பட்டாலும் பழுது, உறைந்தாலும் பழுது. இதற்கு முன் வேறொரு கடையில் விசாரித்தபோது, ஐஸ் இல்லாமல் வெறும் சொப்பிங் பையில் போத்தலைப் போட்டுத் தரப் பார்த்தார்கள். "வீட்டிலயே போடலாம்" என்றும் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. எங்கள் வெயிலில் அந்தப் போத்தல் பாலத்தைத் தாண்டுவதற்குள் என்ன ஆகியிருக்கும்? கல்லடியில் பிரிட்ஜுக்குள் வெப்பமானி தொங்குகிறது. கரண்ட் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். காய்ந்த தூளாக ஒரு போத்தல், தண்ணியாக ஒரு போத்தல். இரண்டையும் நம் கண் முன்னாலேயே கலந்து உடனே போடுகிறார்கள். போத்தலில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து நாயின் ஊசிக் கார்ட்டில் ஒட்டி, திகதி போட்டு, கையெழுத்தும் வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெறுமதியாகப் பட்டது, ஏன் திரும்பத் திரும்ப வர வேணும் என்று அவர் சொன்ன விளக்கம். ஊரில் ஒரு ஊசி போட்டதும் அலுவல் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிறகு நாலு மாதக் குட்டி பார்வோ என்ற கழிச்சல் நோய் வந்து இரத்தமாகக் கழிந்து செத்துப்போனால், "ஊசி போட்டும் செத்துட்டு" என்று ஊசியைக் குறை சொல்கிறார்கள். டொக்டர் சொன்னது இதுதான்: குட்டி குடிக்கும் முதல் பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கும் வரைக்கும் குட்டியைக் காக்கும். அதேநேரம் நாம் போடும் ஊசியையும் வேலை செய்ய விடாது. எந்தக் கிழமையில் அது போகும் என்று குட்டிக்குக் குட்டி வித்தியாசம். அதனால்தான் 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கி, 3, 4 கிழமைக்கு ஒரு தடவையாகப் போட்டு, கடைசி ஊசி 16 கிழமை ஆன பிறகு விழுகிற மாதிரிப் பார்க்கிறார்கள். அந்தக் கடைசி ஊசியைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் எத்தனை குட்டிகள் பிழைக்கும்! டிஸ்டெம்பர் என்ற இன்னொரு நோய், உயிர் தப்ப விட்டாலும் சில நாய்களை வாழ்நாள் முழுக்க வலிப்போடு விட்டுவிடும்.

பார்வோ வந்து செத்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி வளர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது. சீமெந்துத் தரை என்றால் குளோரின் கலந்த தண்ணியால் கழுவ வேணும்.

அடுத்தது எலிக்காய்ச்சல். "நாய் இரவில எங்க படுக்கும்?" என்று கேட்டார். வேளாண்மைக் காலத்தில் என்னோடு வயல் வாடியில்தான் படுக்கும் என்றேன். உடனே கார்ட்டில் அந்த ஊசியைத் தனியாகக் கோடிட்டுக் காட்டினார். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணியில் நமக்கு வருவது போலவே நாய்க்கும் வரும்; நாயிடம் இருந்து மனிதருக்கும் தொற்றும். இதன் பாதுகாப்பு ஒரு வருடம் அளவுதான் என்பதால் வருடா வருடம் போட வேணும். எல்லா வகைக் கிருமியையும் இந்த ஊசி தடுக்காது என்பதையும் அவரே சொன்னார். விற்கிறவர் வாயால் இதைக் கேட்பது எனக்குப் பெரிய விஷயம்.

விசர்நாய்க்கடி ஊசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்தில் அதைப் போட்டு, வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேணும். நாய் ஊசி போட்டதோ இல்லையோ, கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குறைகளும் உண்டு. விலை எங்கும் எழுதிப் போடவில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுக் கலவை ஊசிக்குச் சில ஆயிரம் ரூபா போகும். சனிக்கிழமை காலையில் சனம் அதிகம். பெரிய குறை, வருத்தக்கார நாய்க்கும் ஊசிக்கு வரும் குட்டிக்கும் ஒரே வாங்கு, ஒரே தரை. கழிச்சலோடு வந்த நாய் ஒன்று படுத்த இடத்திலேயே, ஊசி முடியாத ஒரு குட்டியை இறக்கிவிட்டார்கள். பார்த்த எனக்கு மனம் பதறியது. பின்பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது. வருத்தக்கார நாய்களை அதனால் எடுக்கலாமே என்று டொக்டரிடமே சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். அது வரைக்கும் குட்டியை மடியிலேயே வைத்திருங்கள், இல்லை என்றால் ஓட்டோவுக்குள்ளேயே இருந்து, கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். ஊசி போட்டதும் ஓடி வராமல் கால் மணித்தியாலம் அங்கேயே நில்லுங்கள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கினால் அவர்களே பார்ப்பார்கள்.