காது மிஷினோடு ஏழு வருஷம்

எனக்கு 36 வயதில் காது மந்தமாக ஆரம்பித்தது. நரம்புக் கோளாறு, மருந்தில் சரியாகாது என்று சொல்லிவிட்டார்கள். 2018-ல் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கினேன், நடுவில் ஒரு தடவை மாற்றியும் ஆகிவிட்டது. வீட்டில் யாருக்காவது வாங்க யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. என் ஆடியோகிராமுக்கு, அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைப் படத்துக்கு, ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெரிவதுபோல மிஷின் மாட்டியவுடன் பேச்சு கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரம் எனக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறி, குழாய்த் தண்ணீர், பேப்பர் மடிக்கிற சத்தம், நான் முறுக்கு கடிக்கிற சத்தம். மனுஷக் குரல் அதற்கெல்லாம் அடியில் எங்கோ இருந்தது. பல வருஷமாக வராத சத்தமெல்லாம் ஒரே நாளில் வந்தால் மூளை திணறத்தான் செய்யும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அது மறுபடி பழக எனக்கு இரண்டு மாசம் பிடித்தது. அதற்குள் கேள்திறனைப் பரிசோதித்து மிஷினைச் சரிசெய்து தரும் ஆடியோலஜிஸ்டிடம் நான்கு முறை போய் அளவு திருத்திக்கொண்டேன். பெரியவர்களுக்கு வாங்கிக்கொடுத்த மிஷின் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது. அவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு மாசம் யாராவது கூட இருந்து, திரும்பத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மிஷினுக்கு 13-ம் நம்பர் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியது. ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே போட்டு மூடிவிடக் கூடாது. அது காற்றை எடுத்துக்கொண்டு வேலை செய்கிற பேட்டரி, ஒன்றிரண்டு நிமிஷம் வெளியே வைத்த பிறகு போட வேண்டும். எனக்கு ஒன்பது பத்து நாள் வருகிறது. நம் வெயிலுக்கு வியர்வைதான் பெரிய எதிரி. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்துவிடுவேன். தலைக்கு எண்ணெய் தேய்க்கிற நாளில் மைக் துளையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் பொருந்துகிற அச்சான மோல்டோடு வருகிற டியூப் சில மாசத்தில் விறைத்துவிடும், மாற்றிவிடுவது நல்லது.

சரி, கேட்கிறதா? எதிரே ஒன்றரை மீட்டருக்குள், ஒருவர் மட்டும், சத்தமில்லாத அறையில் பேசினால் நன்றாகவே கேட்கிறது. என் மகள் பேச்சின் நடுவே சின்னதாக மூச்சு இழுப்பாள் என்பதே எனக்கு மிஷின் வந்த பிறகுதான் தெரியும். தூரம் கூடக்கூட எல்லாம் கலங்கிவிடும். கல்யாண மண்டபத்தில் சுத்தமாகப் பயன்படாது.

என்னைப் போன்றவர்கள் பாதியைக் காதால் கேட்டு, மீதியை உதட்டில் படிக்கிறோம். ஆனால் தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் 'பணம்', 'மணம்' என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. எண்கள் இன்னும் மோசம். இருபது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் ஒரே 'பது'வில் முடிகின்றன, எனக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்த 'பது' மட்டும்தான். நான் ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு தடவை இருபதை அறுபது என்று எழுதி, சாயங்காலம் கணக்கு இடித்தது. அதிலிருந்து எண்ணை வாயால் வாங்குவதில்லை. பக்கத்து சீட் தங்கச்சி துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டிவிடுவாள்.

2020-ல் எல்லோரும் மாஸ்க் போட்டதும் படிக்க உதடே இல்லாமல் போனது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மாஸ்க்கைக் கழற்றும்போது அதன் கயிறு இழுத்து வலது காது மிஷின் தெறித்து விழுந்துவிட்டது. அரை மணி நேரம் குனிந்து தேடினேன். இரண்டு பேர் ஏதோ கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று புரியவில்லை. கடைசியில் ஒரு பூக்கார அக்கா எடுத்துக்கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சை எழுத்தாக்கும் செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கினேன். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-ல் வந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவரான டிமிட்ரி கனேவ்ஸ்கி, சின்ன வயதிலேயே செவித்திறனை இழந்த விஞ்ஞானி. காது கேளாதோருக்கான கேலாடெட் பல்கலைக்கழகமும் அந்த வேலையில் துணை நின்றது. தேவை உள்ளவரே செய்த பொருள் என்று தெரிந்தபோது எனக்கு மனசு நிறைந்தது. அப்புறம் இந்த வகையில் வேறு செயலிகளும் வந்தன, மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். தமிழும் ஓரளவு வருகிறது. போனை டம்ளரில் சாய்த்து, பேசுகிறவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டால் டாக்டர் சொல்வதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். வேகமாக, பேச்சு வழக்கில், நாலு பேர் சேர்ந்து பேசினால் எந்தச் செயலியும் தடுமாறுகிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், மருந்துப்பெயர் மூன்றையும் நான் நம்புவதில்லை, எழுதித்தரச் சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் வாங்கினாலும், இறக்கினாலும், எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் வாய் கோணி உதடு படிக்க முடியாமல் போகும். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே நாலு தடவை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். எங்கள் அத்தைக்கு 74 வயது. பேசுவதற்கு முன் என் கையைத் தொட்டு, நான் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிஷினைவிட அந்தத் தொடுகைதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. 'என்ன சொன்னீங்க?' என்று இரண்டாம் முறை கேட்டால் சிலர் 'ஒண்ணுமில்ல, விடு' என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். ஏழு வருஷத்தில் என்னை அழவைத்தது அந்த வார்த்தைதான்.

ஒரு மருத்துவமனையில் என் டோக்கன் 47. பலகை கிடையாது, நர்ஸ் கதவோரம் நின்று கூப்பிடுவார். 52 உள்ளே போன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருப்பவர்களை 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேள்திறன் குறைந்தவர்கள் என்றும், 70 டெசிபல் இழந்தவர்களைக் காது கேளாதோர் என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. சட்டம் இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கும்போது, எண் காட்டும் ஒரு பலகை மாட்டுவது பெரிய செலவா? அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் கவுண்டரில் சொல்லிவிடுகிறேன்: 'எனக்குக் காது கேட்காது, கை காட்டுங்க.'

இன்னொன்று. எழுத்து ஓடும் செயலி எல்லோருக்கும் தீர்வு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கடையில் பேக்கிங் பிரிவில் பிறவியிலேயே காது கேளாத ஒரு தம்பி இருக்கிறார். அவருக்கு முதல் மொழி சைகை, எழுதிய தமிழ் இரண்டாவதுதான். திரையில் நீளமாக ஓடும் வாக்கியம் அவருக்குச் சுமை, வீடியோ கால்தான் அவருக்கு வரம். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழை அப்படியே கையில் போடுவது கிடையாது என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021-ல் 10,000 சொல் அளவுக்கு அகராதியை விரித்தது. அதன் வீடியோக்களைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன், தப்பாகக் காட்டினால் தம்பி திருத்துவார்.

போன தீபாவளிக்குக் கடையில் நிற்க இடமில்லை. பாட்டு, மைக், கூட்டம். மிஷினை அணைத்து டப்பாவில் போட்டுவிட்டேன். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காமல் எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தம்பி என்னைப் பார்த்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார், புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். இன்னும் இல்லை, நீங்க போங்க என்று கையாலேயே சொன்னேன்.