தள்ளுபடியில் வாங்கிய 24 இன்ச் மானிட்டர்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் மாடி வீட்டு அக்கா போனில் ஒரு மானிட்டரைக் காட்டி, "இது வாங்கலாமா, பார்த்துச் சொல்லு தம்பி" என்றார். 14,500 ரூபாயை அடித்துவிட்டு 6,799 என்று போட்டிருந்தது. அவர் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். லேப்டாப் ஸ்கிரீனில் ஆட்டோகேட் மென்பொருளில் வரைபடம் வரைந்து கண் எரிகிறது என்கிறானாம்.

2023 ஆயுத பூஜை சமயத்தில் இதே மாதிரி ஒரு விலையைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். தமிழ்ப் பக்கங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. பெங்களூர் ஸ்ரீராமபுரத்து வீட்டில் தினமும் எட்டு மணி நேரம் அந்த மானிட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடித்துவிட்டுக் காட்டும் விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் நான் விலையைக் குறித்துக்கொண்டே வந்தேன். சாதாரண நாளில் 7,500-க்கும் 8,200-க்கும் நடுவில் ஏறி இறங்கியது. பண்டிகைக்கு 6,999 ஆனது. ஆக, எனக்குக் கிடைத்த தள்ளுபடி ஐந்நூறிலிருந்து ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள்தான். பாதி விலை இல்லை. இன்னொன்று, 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்ததால் மானிட்டர் விலையும் இறங்கிவிட்டது என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறைப்பு 32 இன்ச்சுக்கு மேல் உள்ளவற்றுக்கு. 32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான்.

முதலில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போனேன். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம். கடையில் இருந்த கிருஷ்ணகிரிப் பையன், "அண்ணா, இன்னும் 1,200 போட்டா 27 இன்ச்சே வருதுண்ணா" என்று பக்கத்தில் இருந்ததைக் காட்டினான். பெரிதாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பென் டிரைவில் கொண்டுபோன ஒரு பக்கத்தை இரண்டிலும் திறக்கச் சொன்னேன்.

தமிழில் 'ர' எழுத்துக்கும் துணைக்காலுக்கும் அடியில் இருக்கும் அந்தச் சின்னச் சாய்வுதான் வித்தியாசம். 'பாரம்' என்பது 'பரரம்' என்று தட்டாகியிருந்தால் அந்தச் சாய்வை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 24 இன்ச்சில் அது தெரிந்தது. 27 இன்ச்சில் அந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொண்டது. காரணம் எளிது. இரண்டிலுமே திரைப் புள்ளிகள் (பிக்சல்) 1920×1080தான். அதே இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகளை 24 இன்ச்சில் பரப்பினால் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 விழும், 27-இல் சுமார் 82 ஆகிவிடும். 27 இன்ச் வேண்டும் என்றால் 2560×1440 பார்த்து வாங்குங்கள், 109 வரும், எழுத்து கூர்மையாக இருக்கும். ஆனால் அது இந்த விலையில் கிடைக்காது. படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எழுத்தோடும் மெல்லிய கோடுகளோடும் வேலை செய்பவர்கள் ஏமாறக்கூடாது.

பேனல், அதாவது உள்ளே இருக்கும் திரைத் தகட்டின் வகையும் முக்கியம். வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் விலை குறைந்தவற்றில் இருண்ட காட்சி நகரும்போது பின்னால் நிழல் மாதிரி இழுக்கும். நான் ஐ.பி.எஸ். என்ற இன்னொரு வகையை எடுத்தேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்தால் இடது கீழ் மூலையில் வெளிச்சம் கசிவது தெரிகிறது. அது முதல் நாளே இருந்தது, இன்றுவரை கூடவில்லை.

கடையில் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறுங்கள். பென்சில் ஒரே புகை மாதிரி தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். எனக்கு அப்படிப்பட்ட திரையில் மாலைக்குள் தலைவலி வந்துவிடும்.

சரி, இத்தனையும் பார்த்துவிட்டு ஆன்லைனில் விலை குறைவு என்று அங்கே வாங்கினேன். வந்த முதல் பீஸில் நடுத்திரையில் ஒரு பச்சைப் புள்ளி. ஏழு நாளுக்குள் சொன்னதால் மாற்றிக் கொடுத்தார்கள். ஓரிரு புள்ளி செத்திருந்தால் வாரண்டியில் சேராது என்று பல கம்பெனிகள் விதியே வைத்திருக்கின்றன. அதனால் வந்த அன்றே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரையாகப் போட்டுப் பாருங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

எனக்கு உண்மையில் செலவு வைத்தது ஸ்டாண்டு. மேலே கீழே ஏற்ற முடியாது, லேசாகச் சாய்க்கலாம், அவ்வளவுதான். அகராதி இரண்டை அடியில் வைத்து மூன்று மாதம் ஓட்டினேன், பிடரி வலி போகவில்லை. கடைசியில் 1,600 ரூபாய்க்கு மேஜையில் மாட்டி மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் வாங்கினேன். மானிட்டரின் பின்பக்கம் ஆர்மைப் பொருத்த 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு திருகு ஓட்டை இருந்ததால் பிழைத்தேன். மலிவானவை சிலவற்றில் அந்த ஓட்டையே இருக்காது. பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், 2025 மே மாத மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு சாயங்காலம் அடாப்டர் செத்தது. மானிட்டருக்கு மூன்று வருட வாரண்டி, அடாப்டருக்கு ஒரு வருடம்தான் என்று அன்றுதான் அந்த அட்டையை முழுதாகப் படித்தேன். பழைய அடாப்டரையே கையில் எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோடு போனேன். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், செருகும் பின்னின் தடிமன் பொருந்த வேண்டும். கடைக்காரர் மூன்று பின்னைச் செருகிப் பார்த்தார், மூன்றாவது ஆடாமல் உட்கார்ந்தது. 450 ரூபாய். இப்போது கரண்ட் திடீரென ஏறினால் தடுக்கும் ஒரு நல்ல ஸ்பைக் கார்டில்தான் மாட்டியிருக்கிறேன்.

ஆக 6,999 என்று வாங்கியது எனக்கு 9,049-இல் வந்து நின்றது. அப்படியும் எனக்கு வருத்தமில்லை. எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது, நிறம் மங்கவில்லை, கண் எரிச்சலும் இல்லை.

அக்கா காட்டியதும் 24 இன்ச், ஐ.பி.எஸ்., பின்னால் நாலு ஓட்டை இருக்கிறது. 6,799 நியாயமான விலை. வாங்கச் சொல்லிவிட்டேன். என் இரண்டு அகராதிகளும் இப்போது மாடிக்குப் போயிருக்கின்றன. பையன் உயரத்துக்கு அது போதவில்லை என்றால் அடுத்த மாதம் ஆர்ம் வாங்கிக்கொள்ளட்டும்.